தங்கச்சியின் வலிப்புக்கு எந்த வழி: தோட்டத்து டிஸ்பென்சரியா, கண்டியா, சேனலா, கோயிலா?

காலை ஆறு மணி. தங்கச்சி இஸ்தோப்பில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தாள். கோப்பை அவள் கையிலிருந்து எகிறி எதிர்ச்சுவரில் பட்டு உடைந்தது. நழுவின மாதிரி இல்லை, யாரோ கையைத் தட்டிவிட்ட மாதிரி இருந்தது. அம்மா உள்ளேயிருந்து ஏசினார். "ராத்திரி பூரா முழிச்சி படிச்சா கையில எங்க பெலன் இருக்கும்?"

அப்போது அவளுக்குப் பதினேழு வயது, உயர்தரம் படித்துக்கொண்டிருந்தாள். அந்த மாதத்திலேயே இன்னொரு கோப்பை போனது. தலை வாரும்போது சீப்பு பறந்தது. எல்லாம் எழும்பி ஒரு மணித்தியாலத்துக்குள்தான். நாங்கள் யாரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. பிறகு தோட்டத்தில் காமன் கூத்து வந்தது. விடிய விடிய முழித்திருந்து பார்த்துவிட்டு வந்தவள், பீலியடிக்கு முகம் கழுவப் போன இடத்தில் விழுந்தாள். உடம்பு விறைத்தது. பிறகு கைகால் வெட்டி வெட்டி இழுத்தது. வாயில் நுரை. பணிய லயத்துப் பெரியம்மா ஓடிவந்து சாவிக்கொத்தை அவள் கையில் திணித்தார். இன்னொருவர் கரண்டிக் காம்பைப் பல்லுக்கு நடுவில் விடப் பார்த்தார். இரண்டு நிமிடம் இருக்கும், இழுப்பு நின்றது. சாவியால்தான் நின்றது என்று பெரியம்மா இன்றைக்கும் சொல்வார்.

அன்று பின்னேரமே எங்கள் காம்பராவில் ஆளுக்கொரு வழி சொன்னார்கள். தோட்டத்து டிஸ்பென்சரியில் காட்டினால் போதும் என்றார் அப்பா. மாமா, டவுனில் ஒரு நல்ல டொக்டரை சேனல் பண்ணச் சொன்னார், அதாவது காசு கட்டித் தனியார் இடத்தில் காட்டுவது. கண்டிக்கே போய்விடுவோம் என்றேன் நான். அம்மா மாரியம்மன் கோயிலில் கயிறு கட்ட வேண்டும் என்றார். இது நடந்து நான்கு வருடம் ஆகிறது. இந்த நான்கு வழியிலும் நாங்கள் நடந்து பார்த்துவிட்டோம். இதே கேள்வியோடு இன்னொரு வீட்டில் யாரோ இன்று ராத்திரி உட்கார்ந்திருப்பார்கள் என்பதால், எந்த வழி எதற்கு உதவும், எதற்கு உதவாது என்று நான் கண்டதை எழுதுகிறேன்.

முதலில் அந்தச் சாவி. மூளையிலுள்ள நரம்புக் கலங்கள் மின்சாரத்தால்தான் ஒன்றோடொன்று பேசுகின்றன. ஏராளமான கலங்கள் ஒரே நேரத்தில் அளவுமீறிப் பேசத் தொடங்கும்போது வருவதுதான் வலிப்பு. பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று நிமிடத்துக்குள் அது தானாகவே அடங்கிவிடும். அந்த நேரத்தில் கையில் எது இருந்ததோ, அதற்குப் பேர் கிடைத்துவிடுகிறது. சாவியால் கெடுதல் பெரிதாக இல்லை, ஆனால் கரண்டியால் உண்டு. பல் உடையும், உடைந்த பல் மூச்சுக்குழாய்க்குள் போகும். நாக்கை யாராலும் விழுங்க முடியாது. செய்ய வேண்டியது இவ்வளவுதான்: அடுப்பு, கல், கான் ஓரம் இவற்றிலிருந்து ஆளை விலக்குங்கள். தலைக்குக் கீழே சேலையோ துவாயோ மடித்து வையுங்கள். கைகாலை அமுக்கிப் பிடிக்காதீர்கள். இழுப்பு நின்றதும் பக்கவாட்டில் திருப்பிப் படுக்க வையுங்கள். முழுசாக நினைவு வரும்வரை தண்ணீரோ தேத்தண்ணியோ வாயில் ஊற்றாதீர்கள். போனில் நேரம் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால், அல்லது நினைவு திரும்பாமலே மறுபடி இழுத்தால் 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். லயத்துக்கு வண்டி ஏறாது என்றால் ஒருவரை டோர்ச்சோடு மெயின் ரோட்டில் நிறுத்துங்கள். எங்கள் பக்கம் வண்டிக்காரர்கள் வழி தெரியாமல் சுற்றுவதில்தான் நேரம் போகிறது. தண்ணீருக்குள் விழுந்து இழுத்தால், கர்ப்பிணிக்கு வந்தால், தலையில் அடிபட்டால், அல்லது வாழ்க்கையில் முதல் தடவை என்றால், சீக்கிரம் நின்றாலும் ஆஸ்பத்திரிக்குப் போகத்தான் வேண்டும்.

பார்த்துக்கொண்டு இருப்பதா, மருந்து தொடங்குவதா

ஒரு தடவை இழுத்தால் அது வலிப்பு நோய் ஆகிவிடாது. கடுங்காய்ச்சலில், சீனி இறங்கும்போது, கசிப்பைத் திடீரென்று விட்டவருக்கு என்று பல காரணங்களால் ஒரு தடவை வந்துவிட்டுப் போகலாம். ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயது வரையான பிள்ளைகளில் நூற்றுக்கு இரண்டு முதல் ஐந்து பேருக்குக் காய்ச்சல் வலிப்பு வருகிறது. அவர்களில் பெரும்பாலானவர்களுக்குப் பிறகு வலிப்பு நோய் வருவதில்லை. காரணம் எதுவும் இல்லாமல், 24 மணித்தியாலத்துக்கு மேல் இடைவெளி விட்டு, இரண்டு தடவை வந்தால்தான் அதை நோய் என்கிறார்கள். ஒரே தடவை வந்திருந்தாலும், திரும்ப வரும் வாய்ப்பு மிக அதிகம் என்று சோதனைகள் காட்டினால் அதுவும் இந்தக் கணக்கில் சேரும்.

காரணமில்லாத முதல் வலிப்புக்குப் பிறகு, அடுத்த இரண்டு வருடத்துக்குள் மறுபடி வரும் வாய்ப்பு 21 முதல் 45 சதவீதம். உடனே மருந்து தொடங்கினால் அந்த இரண்டு வருட ஆபத்து நன்றாகக் குறையும். ஆனால் பல வருடம் கழித்துப் பார்த்தால், உடனே தொடங்கியவர்களுக்கும் பொறுத்துத் தொடங்கியவர்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அதனால் இது ஆளைப் பொறுத்த முடிவு. ஒபிசில் உட்கார்ந்து வேலை செய்கிறவர், பரிசோதனை எல்லாம் சரியாக இருந்தால், டொக்டரின் பேச்சோடு கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம். செங்குத்து மலையில் கூடையோடு நிற்கிறவருக்கு, விறகு அடுப்பில் தனியாகச் சமைக்கிறவருக்கு, ஒரு இழுப்பே உயிரைக் கொண்டுபோகும். என் மனதில் அப்படிப்பட்டவர் பொறுக்கக் கூடாது.

எங்கள் வீட்டில் அந்தக் கேள்வியே எழும்பியிருக்கக் கூடாது என்று பிறகுதான் தெரிந்தது. கண்டியில் டொக்டர் கேட்ட முதல் கேள்வி, "காலையில் கையிலிருந்து சாமான் பறக்குமா?" அம்மா என்னைப் பார்த்தார். அந்தக் கோப்பைகளும் சீப்பும் வலிப்புத்தான். பீலியடியில் வந்தது முதலாவது இல்லை, எங்கள் கண்ணுக்குத் தெரிந்த முதலாவது.

எங்கே காட்டுவது

தோட்டத்து டிஸ்பென்சரிக்கு நடந்து போகலாம், காசு இல்லை, பேசுகிறவர் நம் மொழி பேசுவார். காயத்துக்கு மருந்து கட்டவும், அவசரத்துக்கு அனுப்பி வைக்கவும், ஏற்கெனவே என்ன நோய் என்று தெரிந்த ஒருவரைக் கவனித்துக்கொள்ளவும் அந்த இடம் தேவை. ஆனால் இது வலிப்பா மயக்கமா, வலிப்பென்றால் எந்த வகை என்று கண்டுபிடிக்கிற வசதி அங்கே இல்லை. "மயங்கி விழுந்துட்டா" என்று நாம் சொன்னால் இரத்தக் குறைவுக்கு இரும்புக் குளிசை கிடைக்கும். அவர்கள் மேல் பிழை இல்லை. நாம் சொன்ன சொல்லுக்கு அதுதான் மருந்து. அதனால் 'மயக்கம்' என்ற சொல்லை விட்டுவிடுங்கள். விறைத்ததா, வெட்டியதா, கண் எந்தப் பக்கம் போனது, சிறுநீர் போனதா, நாக்குக் கடிபட்டதா, எழும்பிய பிறகு எவ்வளவு நேரம் குழம்பி இருந்தார் என்று நடந்ததைச் சொல்லுங்கள். பக்கத்தில் ஒருவர் பார்த்துக்கொள்ள, இன்னொருவர் போனில் வீடியோ எடுத்தால் இன்னும் நல்லது. டொக்டர்கள் அதைத்தான் முதலில் கேட்கிறார்கள். சிங்களத்தில் சொல்லத் தெரியவில்லையே என்று தயங்குகிறவர்களுக்கு ஒன்று: 'வலிப்பு' என்றாலே போதும். சிங்களத்தில் அதற்கு 'வலிப்புவ' என்ற சொல் இருக்கிறது.

இரண்டாவது, சேனல். டவுனில் ஓர் இடம், பேர் வேண்டாம். முன்னூறு நம்பருக்குக் காத்திருக்காமல் உள்ளே போனோம், அது உண்மை. ஆனால் உள்ளே இருந்தது ஐந்து நிமிடம். கேட்டது பீலியடி இழுப்பைப் பற்றி மட்டும். கார்பமஸெபின் எழுதித் தந்தார்கள். பகுதி வலிப்பு என்று சொல்வார்களே, மூளையின் ஓர் இடத்தில் தொடங்குவது, அதற்கு அது மிக நல்ல மருந்து. தங்கச்சிக்கு இருந்தது அந்த வகை இல்லை, மூளை முழுவதும் ஒரேயடியாகத் தொடங்கும் வகை. குளிசை தொடங்கி இரண்டாவது கிழமையிலிருந்து, காலை நேரத்தில் கை வெட்டி இழுப்பது கூடிவிட்டது. ரொட்டியைக் கூடப் பிடிக்க முடியவில்லை. நாங்கள் மருந்து போதவில்லை என்று நினைத்தோம். இளம் வயதில் வரும் இந்த வகை வலிப்பில் கார்பமஸெபினும் பீனிடோயினும் வெட்டைக் கூட்டும் என்பது நரம்பியல் டொக்டர்களுக்குத் தெரிந்த சங்கதி. கோப்பைக் கதையை நாங்களும் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை.

சேனல் வேண்டவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சனி, ஞாயிறில் சேனலில் உட்காரும் விசேட நிபுணர்களில் பலர் கிழமை நாட்களில் அரசாங்க ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவர்கள்தான். காசு இருந்தால் ஒரு தடவை சேனல் பண்ணுங்கள். போகும்போதே நடந்ததைத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள். வெளியே வருமுன், "உங்கள் கிளினிக்குக் கடிதம் தர முடியுமா சேர்?" என்று கேளுங்கள். அப்படிக் கேட்டுக் கடிதம் வாங்கிய குடும்பங்களை எனக்குத் தெரியும். மாதா மாதம் சேனல் என்று கிளம்பினால்தான் கஷ்டம். இது ஒரு கிழமைக் காய்ச்சல் இல்லை, வருடக் கணக்கில் ஓடும் நோய். 2024இல் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா என்று நிர்ணயித்தார்கள். டொக்டர் காசு, மருந்துக் காசு, த்ரீவீல் காசு மூன்றையும் கூட்டி, அதற்கு எத்தனை பேர், அதாவது எத்தனை நாள் வேலை, கொழுந்து எடுக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். நாலாம் மாதம் யாராவது குளிசையைப் பாதியாக உடைக்கத் தொடங்குவார்கள். பாதிக் குளிசை எடுக்கிறவருக்கு மருந்து இருந்தும் இல்லாத நிலைதான்.

மூன்றாவது, கண்டி. ஹட்டனிலிருந்து கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை என்று இறங்கிப் பேராதனை தாண்டிப் போக வேண்டும். நாங்கள் விடிய மூன்று மணிக்கு எழும்பி முதல் பஸ் பிடித்தோம். கண்டி தேசிய வைத்தியசாலை, பேராதனை போதனா வைத்தியசாலை இரண்டும் இந்தப் பாதையிலேயே இருக்கின்றன. சின்னப் பிள்ளைகளுக்குப் பேராதனையில் சிறிமாவோ பண்டாரநாயக்க சிறுவர் வைத்தியசாலை இருக்கிறது. பதுளைப் பக்கத்தார் பதுளை ஆஸ்பத்திரிக்குப் போகலாம். கடிதத்தோடு போனால் வேலை சுலபம்.

அங்கே கிடைத்ததுதான் வேறெங்கும் கிடைக்காதது. டொக்டர் இருபது நிமிடம் கேள்வி கேட்டார். ஈ.ஈ.ஜீ. எடுத்தார்கள். முதல் நாள் எண்ணெய் வைக்காமல் தலை முழுகி வரச் சொன்னார்கள், ராத்திரி குறைவாகத் தூங்கச் சொன்னார்கள். தலையில் பசை தடவிச் சின்னச் சின்னக் கம்பிகளை ஒட்டி, கண்ணைத் திற, மூடு, வேகமாக மூச்சு விடு என்றார்கள். முகத்துக்கு நேரே விளக்கை மின்னவிட்டார்கள். வலி எதுவும் இல்லை. தங்கச்சி பயந்தது, அந்த மிஷின் கரண்ட் கொடுக்கும் என்று யாரோ சொன்னதால். அது கரண்ட் கொடுப்பதில்லை. மூளையில் ஏற்கெனவே ஓடுகிற மின்சாரத்தை எழுதி எடுக்கிறது, அவ்வளவுதான். ஈ.ஈ.ஜீ. சரியாக வந்துவிட்டால் நோய் இல்லை என்று வீட்டுக்கு வந்துவிடாதீர்கள். வலிப்பு உள்ளவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு முதல் தடவை ஒன்றும் தெரியாது. மூளை ஸ்கேன் எங்களுக்குத் தேவையில்லை என்றார் டொக்டர். நடுவயதில் புதிதாக வந்தால், அல்லது உடம்பின் ஒரு பக்கத்தில் தொடங்கினால் ஸ்கேன் முக்கியம். அடிபட்ட தழும்பு, கட்டி, பழைய பக்கவாதம் என்று காரணம் ஒளிந்திருக்கலாம்.

கண்டியின் குறை தூரம்தான். ஒவ்வொரு மாதமும் அம்மாவுக்கு ஒரு பேர் போகும், தங்கச்சிக்குப் பள்ளிக்கூடம் போகும், மழையில் மண் சரிந்தால் பாதையும் போகும். மூன்று கிளினிக் தவறாமல் போனோம், நாலாவதைத் தவறவிட்டோம். அதைச் சொன்னபோது டொக்டர் கோபப்படவில்லை. பக்கத்து ஆதார வைத்தியசாலைக்கு ஒரு கடிதம் எழுதினார்: என்ன வகை வலிப்பு, என்ன மருந்து, எவ்வளவு, எப்போது திருப்பி அனுப்ப வேண்டும். டிக்கோயா, நுவரெலியா, நாவலப்பிட்டி என்று நம் பக்கத்திலேயே ஆஸ்பத்திரிகள் இருக்கும்போது, மாத மருந்துக்குக் கண்டிக்கு அலைவது தேவையில்லாத அலைச்சல்.

ஆகவே என்னைக் கேட்டால், நோயைக் கண்டுபிடிக்கவும் மருந்தை முடிவு செய்யவும் கஷ்டப்பட்டாவது பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பிறகு மாத மருந்தைப் பக்கத்து கிளினிக்குக்கு மாற்றிக்கொள்ளுங்கள். வருடத்துக்கு ஒன்றிரண்டு தடவை, அல்லது மருந்து எடுத்தும் இழுப்பு வந்தால், மறுபடி பெரிய இடம். எந்த ஆஸ்பத்திரி பெரியது என்பதைவிட எந்த கிளினிக்குக்கு உங்களால் தவறாமல் போக முடியும் என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். பக்கத்து பாமசியில் மருந்து இல்லாமல் வெளியில் வாங்க துண்டு எழுதித் தருவதும் உண்டு. 2022 தட்டுப்பாட்டில் நாடே அதைப் பார்த்தது. அதனால் வீட்டில் எப்போதும் இரண்டு கிழமைக் குளிசை கூடுதலாக இருக்கும்படி நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். தங்கச்சிக்குக் கடைசியாக இழுத்ததே மருந்து முடிந்து, இரண்டு நாள்தானே என்று விட்டதில்தான்.

கோயிலைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் வீட்டில் முதலில் நடந்தது அதுதான். அம்மா கயிறு கட்டினார், வேப்பிலை அடித்தார்கள், அதற்குப் பிறகு இருபது நாள் ஒன்றும் வரவில்லை. வலிப்பு இயற்கையிலேயே இடைவெளி விட்டு வருவது. அந்த இடைவெளிக்குள் எதைச் செய்தாலும் அது கேட்ட மாதிரித்தான் இருக்கும். ஆனால் அந்தக் கயிறு அம்மாவைத் தூங்க வைத்தது, அதை நான் குறைவாக நினைக்கவில்லை. எங்கள் பூசாரி ஐயாவுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். "கயிறு ஆத்தாவுக்கு, குளிசை புள்ளைக்கு. ரெண்டையும் விட்றாத தாயி" என்று அம்மாவிடம் அவர்தான் சொன்னார். அம்மாவைக் கண்டி பஸ்ஸில் ஏற்றியது என் பேச்சு இல்லை, அவர் பேச்சு.

பேய் என்று சொல்லி அடிக்கிற, சூடு போடுகிற, நாள் கணக்கில் பட்டினி போடுகிற இடங்களுக்குப் பிள்ளையைக் கொண்டுபோகாதீர்கள். தூக்கமும் சாப்பாடும் கெட்டால் வலிப்பு கூடும். பேர் எழுதாத பொடிகளும் வேண்டாம். இந்தியாவில் அப்படிச் சில பொடிகளைச் சோதித்தபோது ஆங்கில வலிப்பு மருந்தே உள்ளே கலந்திருந்தது. எவ்வளவு கலந்திருக்கிறது என்று தெரியாமல் எடுத்து, திடீரென்று நிறுத்தினால், அடங்காத இழுப்பு வரலாம்.

எந்தக் குளிசை, அதுவும் பெண்பிள்ளைக்கு

உலகத்தில் ஏறக்குறைய 5 கோடிப் பேருக்கு இந்த நோய் இருக்கிறது. சரியாகக் கண்டுபிடித்து மருந்து எடுத்தால் அவர்களில் 70 சதவீதம் வரை இழுப்பே இல்லாமல் வாழலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. கிளாஸ்கோ நகரில் முன்பு மருந்தே எடுக்காத 470 பேரைப் பின்தொடர்ந்து 2000ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், 47 சதவீதத்தினருக்கு முதல் மருந்திலேயே வலிப்பு நின்றிருந்தது. முதல் மருந்தைச் சரியாகத் தேர்ந்தெடுப்பது அவ்வளவு முக்கியம்.

பழைய மருந்துகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பீனோபார்பிட்டோன் 1912இலிருந்து இருக்கிறது. மலிவு, ஒரு நாளைக்கு ஒரு தடவை எடுத்தால் போதும். ஆனால் தூக்கக் கலக்கம், பிள்ளைகளுக்குப் படிப்பில் மந்தம் அல்லது அடங்காத துடுக்கு. பீனிடோயின் 1938இல் வந்தது. வருடக்கணக்கில் எடுத்தால் பல் முரசு தடிக்கும், அளவு கொஞ்சம் கூடினாலும் நடை தள்ளாடும். கார்பமஸெபின் பகுதி வலிப்புக்கு நல்லது. முதல் இரண்டு மாதத்துக்குள் தோலில் தடிப்போ வாயில் புண்ணோ வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். இந்த மூன்றில் எதை எடுக்கிற பெண்களும் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டிய ஒன்று இருக்கிறது: குடும்பக் கட்டுப்பாட்டுக் குளிசையையும் கையில் வைக்கும் குச்சியையும் இவை பலமிழக்கச் செய்யும். மூன்று மாத ஊசிக்கு அந்தப் பிரச்சினை இல்லை. மருத்துவ மாதுவிடம் போகும்போது வலிப்புக் குளிசையையும் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். இதை ஒருவரும் சொல்லாமல், குச்சி வைத்தும் வயிற்றில் பிள்ளை தங்கி அழுத ஒரு தோழி எனக்கு இருக்கிறாள்.

இனி எங்கள் முடிவுக்கு வருகிறேன். தங்கச்சியின் வகை வலிப்புக்கு மிகப் பலமான மருந்து சோடியம் வல்ப்ரோயேட். பிரித்தானியாவில் நடந்து 2021இல் வெளியான பெரிய ஒப்பீட்டில்கூட, மூளை முழுவதும் ஒரேயடியாகத் தொடங்கும் வலிப்புக்கு லெவெட்டிராசெட்டத்தைவிட வல்ப்ரோயேட்தான் நன்றாக வேலை செய்தது. மலிவும் அதுதான், பக்கத்து ஆஸ்பத்திரியில் சுலபமாகக் கிடைப்பதும் அதுதான். ஒரு தம்பி இருந்து அவனுக்கு வந்திருந்தால் நாங்கள் யோசிக்கவே மாட்டோம்.

ஆனால் அதை எடுக்கும்போது கருத்தரித்தால், நூறு பிள்ளைகளில் ஏறக்குறையப் பத்துக்கு முதுகெலும்பு, இதயம், உதடு போன்ற பிறவிக் குறைகள் வருகின்றன. மருந்து எடுக்காத தாய்மாருக்கு அது நூற்றுக்கு இரண்டு மூன்றுதான். நூற்றுக்கு 30 முதல் 40 பிள்ளைகளுக்குப் பேச்சிலும் படிப்பிலும் பின்னடைவு. லாமோட்ரிஜின், லெவெட்டிராசெட்டம் இரண்டிலும் பிறவிக் குறையின் அளவு சாதாரணத் தாய்மாருக்குக் கிட்டத்தில் இருக்கிறது. டொக்டர் இதைச் சொன்னபோது அம்மா, "அவளுக்கு இன்னும் கலியாணமே ஆகலியே சேர்" என்றார். பிள்ளை தங்கியது தெரிவதற்குள்ளேயே முதுகெலும்பு உருவாகிவிடும், தெரிந்த பிறகு மாற்றிப் பலன் குறைவு என்று டொக்டர் விளக்கினார்.

ஆக எங்கள் முன்னால் மூன்று இருந்தன. வல்ப்ரோயேட்: இழுப்புக்கு மிக உறுதி, வரப்போகிற பிள்ளைக்கு ஆபத்து, உடம்பு பருக்கும், முடி கொட்டும். லாமோட்ரிஜின்: பிள்ளைக்குப் பாதுகாப்பு, மனநிலைக்கும் நல்லது. ஆனால் தோல் தடிப்பைத் தவிர்க்க, கிழமைக் கணக்கில் மெதுமெதுவாகத்தான் அளவைக் கூட்ட வேண்டும், சிலருக்குக் காலை வெட்டைக் கூட்டியும் விடும். லெவெட்டிராசெட்டம்: வேகமாக வேலை செய்யும், வேறு மருந்தோடு மோதாது. மனநிலையைத்தான் கெடுக்கும், கோபம், எரிச்சல், சிலருக்கு ஆழ்ந்த கவலை.

பரீட்சைக்கு எட்டு மாதம் இருந்தது. தங்கச்சி மூன்றாவதைக் கேட்டாள். முதல் இரண்டு மாதம் தொட்டதற்கெல்லாம் சீறினாள். ஒருநாள் சீப்பை என்மேல் எறிந்துவிட்டு, "அக்கா, இது வெட்டு இல்ல, நானேதான் எறிஞ்சேன்" என்று சொல்லி அழுதாள். இப்படிப்பட்ட மாற்றத்தை டொக்டரிடம் மறைக்கக் கூடாது. நாங்கள் சொன்னோம், அளவை மாற்றினார், மூன்றாம் மாதம் அடங்கியது. அடங்காதிருந்தால் மாற்றியிருப்போம். சாகத் தோன்றுகிறது என்று பிள்ளை சொன்னால் கிளினிக் திகதிக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே போங்கள்.

ஏற்கெனவே வல்ப்ரோயேட் எடுக்கிற ஒரு பெண் இதை வாசித்தால், தயவுசெய்து இன்று ராத்திரிக் குளிசையை நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் தாயும் பிள்ளையும் இருவருமே ஆபத்தில். டொக்டரிடம் கேட்டு மாற்றுங்கள், ஃபோலிக் அசிட் குளிசையும் கேளுங்கள். வேறு எதற்கும் அடங்காத சிலருக்கு எல்லாம் தெரிந்துகொண்டே அதைத் தொடர வேண்டியும் வரலாம். அது அவர்களும் டொக்டரும் சேர்ந்து எடுக்கும் முடிவு.

சொல்வதா, மறைப்பதா

பள்ளிக்கூடத்தில் சொன்னோம். வகுப்பு ஆசிரியையும் இரண்டு சிநேகிதிகளும் என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்து வைத்திருந்தார்கள், அதற்கு மேல் ஊர் முழுக்கத் தெரிய வேண்டியதில்லை. கலியாணம் என்று வரும்போது மறைக்கலாம் என்று சித்தி சொல்கிறார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. மறைத்துக் கட்டிக்கொடுத்த வீட்டில் குளிசையை ஒளித்து ஒளித்து எடுக்க வேண்டும். ஒளித்து எடுக்கிற குளிசை தவறும், தவறினால் எல்லார் முன்னாலும் இழுக்கும். தங்கச்சியே தெளிவாகச் சொல்லிவிட்டாள், வருகிறவர் வாசலிலேயே தெரிந்துகொண்டு வரட்டும் என்று.

நிறுத்தலாமா

கடைசி இழுப்பு வந்து இரண்டரை வருடம் ஆகிறது. பொதுவாக இரண்டு வருடம் ஒன்றும் வராவிட்டால் மருந்தை மெல்ல மெல்லக் குறைப்பதைப் பற்றி டொக்டரோடு பேசலாம். அப்படி நிறுத்துகிறவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குத் திரும்ப வருகிறது. சின்ன வயதில் வரும் சில வகைகள் வளர வளரப் போயே விடும், அந்தப் பிள்ளைகளுக்கு நிறுத்துவது நியாயம். தங்கச்சியின் வகை அப்படியில்லை. மருந்தில் நன்றாக அடங்கும், விட்டால் பெரும்பாலானவர்களுக்குத் திரும்பும். அப்பாவுக்கு இது மனதை வாட்டுகிறது, "சாகும் வரைக்குமா?" என்று கேட்கிறார். ஆனால் பெரிய இழுப்புகள் அடங்காமல் இருக்கிறவர்களுக்கு, அரிதாக, தூக்கத்திலேயே உயிர் போகிற ஆபத்து உண்டு. குளிசையின் தொல்லையையும் அந்த ஆபத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எனக்குக் குளிசைதான் சின்னது. எடுக்கப்போகிறவள் அவள் என்பதால், கேட்க வேண்டியவளும் அவள்தான் என்று விட்டுவிட்டேன்.

போன கிளினிக்குக்கு நான் கூடப் போனாலும் வெளியே வாங்கில்தான் உட்கார்ந்திருந்தேன். அவளே உள்ளே போய்ச் சிங்களத்தில் பேசிவிட்டு வந்தாள். இப்போதைக்கு அதே அளவு, படிப்பு முடிந்து வேலை அமைந்த பிறகு மறுபடி பேசுவோம் என்றாராம் டொக்டர். ராத்திரியில் முழித்திருப்பதை மட்டும் விடச் சொன்னாராம். "அப்ப காமன் கூத்து?" என்று கேட்டேன். பத்து மணி வரைக்கும் பார்ப்பாளாம், பிறகு வந்து படுத்துவிடுவாளாம். கிளினிக் கொப்பியில் அடுத்த திகதியை என்னிடம் காட்டிவிட்டு, மருந்து எடுக்கப் பாமசி வரிசையில் போய் நின்றாள்.